முறை வந்த நாளில் வந்த காய்ச்சல்: வீட்டுத் தனிமை விதியை வளைப்பது பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2020 அக்டோபரில், கொரோனாவுக்கான தடுப்பூசி பொதுமக்கள் கைக்கு இன்னும் வந்து சேராத நாள்களில், ஒரு பெண்மணி தொலைபேசியில் என்னை அழைத்தார். அவருடைய கணவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்கள் 14 நாள் வெளியே செல்லக் கூடாது என்று சுகாதாரப் பணியாளர்கள் அறிவுறுத்தியிருந்தனர். தமக்கு எந்த அறிகுறியும் இல்லை, எடுத்த பரிசோதனையிலும் தொற்று இல்லை என்றே வந்திருக்கிறது, அப்படியிருக்க இரவில் மட்டும் முகக்கவசம் அணிந்து மாமனார் வீட்டுக்குப் போய், விடியும் முன் திரும்பிவிடலாமா என்பதே அவருடைய கேள்வி. நான் மருத்துவர் அல்லேன். நோய்த்தொற்றுக் காலத்தில் குடும்பங்களுக்குத் தொலைபேசி வழியாக ஆலோசனை கூறிய ஒரு குழுவில் பணியாற்றியவன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஏழு உரையாடல்கள் தேவைப்பட்டன. குடும்பத்தினரின் ஒப்புதலோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

குடும்பமும் பின்னணியும்

அழைத்தவருக்கு வயது நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. கணவர் அவரைவிட ஐந்து வயது மூத்தவர். 11 வயதில் ஒரு மகளும் 4 வயதில் ஒரு மகனும் இருந்தனர். இரண்டு அறைகளும் ஒரே கழிவறையும் கொண்ட வீடு. கணவரின் தந்தை சற்றுத் தொலைவில் தனி வீட்டில் வசித்தார். வயது 76, நெடுநாளைய நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். செப்டம்பர் தொடக்கத்தில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பகலில் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாலும், இரவில் எழுந்து கழிவறைக்குச் செல்ல ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த நாளிலிருந்து ஆறு வாரமாக அந்தப் பொறுப்பைத் தனியொருவராகச் சுமந்தவர் மகள், அதாவது அழைத்த பெண்மணியின் நாத்தனார். தம் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டுத் தந்தையுடன் தங்கியிருந்தார். ஆறு வாரம் முடிந்ததும் தம்பி குடும்பத்தின் முறை என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். தம்பி வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை, அவருக்குக் காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை தொற்று உறுதியானது. செய்தியைக் கேட்டவுடன் அக்காள் சொன்ன வாசகத்தை அந்தப் பெண்மணி என்னிடம் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார்: “அப்பாவைப் பார்க்கும் முறை வந்ததும் காய்ச்சலும் வந்துவிட்டது.”

தொடர்ந்து வந்த நாள்களில் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்த வாசகம் கிடந்தது. அழைத்தவர் கேட்டது தொற்றைப் பற்றிய கேள்விதான். ஆனால் அவரைக் கேட்க வைத்தது அந்தக் குற்றச்சாட்டு. நாம் காரணம் சொல்லித் தப்பிப்பவர்கள் அல்லர் என்று நிரூபிக்க வேண்டும் என்ற தவிப்பு அவருடைய குரலில் தெளிவாகக் கேட்டது. திங்கட்கிழமை பரிசோதனை எடுத்து, தொற்று இல்லை என்று மறுநாள் முடிவு வந்தவுடன், அதையே அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டு இரவில் கிளம்பத் தயாராக இருந்தார்.

“எனக்குத்தான் தொற்று இல்லையே”

அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதிலிருந்து நான் தொடங்கினேன். கணவர் சனிக்கிழமை வரை அவருடன் ஒரே அறையில் இருந்தார். கடைசியாக நெருங்கிப் பழகியதற்கும் மாதிரி எடுத்ததற்கும் இடையே இரண்டே நாள். தொற்றியவுடன் கிருமி மூக்கிலும் தொண்டையிலும் பரிசோதனைக்கு அகப்படும் அளவுக்குப் பெருகிவிடுவதில்லை. 2020 மே மாதம் வெளியான ஓர் ஆய்வு, ஏழு வெவ்வேறு ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, உண்மையில் தொற்று ஏற்பட்டவர்களிடம்கூட நான்காம் நாள் எடுத்த ஆர்டிபிசிஆர் பரிசோதனை 67 சதவீதம் பேருக்குத் தொற்று இல்லை என்றே காட்டும் வாய்ப்பு இருந்தது. அறிகுறி தோன்றும் ஐந்தாம் நாளில் இது 38 சதவீதமாகவும், எட்டாம் நாளில் 20 சதவீதமாகவும் குறைந்தது. ஆகவே, அவ்வளவு சீக்கிரம் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால், அன்றுவரை கிருமி கண்ணில் படவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

அறிகுறி இல்லாததும் அதே போன்றதுதான். இந்த நோயில் ஒருவர் மிகுதியாகப் பரப்பும் காலம் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. 2020 ஏப்ரலில் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நிகழ்வுகளில் 44 சதவீதம் பரப்புபவருக்கு அறிகுறி தோன்றும் முன்பே நடந்துவிடுவதாக மதிப்பிட்டது. உடல் நன்றாக இருக்கிறதே என்று நினைத்து முதியவரைத் தாங்கிப் பிடித்துக் கழிவறைக்கு அழைத்துச் செல்லும் அந்த இரண்டு நாள்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்று சொன்னபோது, மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல நான் கடமைப்பட்டிருந்தேன். அச்சுறுத்தி ஒருவரை வீட்டுக்குள் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லாதது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது, அது தவறு. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான, பல ஆய்வுகளை ஒருங்கிணைத்த கணக்கு, வீட்டுத் தொடர்பாளர்களில், அதாவது தொற்றாளருடன் ஒரே வீட்டில் இருந்தவர்களில், ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்கே தொற்று பரவியதாகக் காட்டியது. கணவன் மனைவியருக்கிடையே மட்டும் அது சுமார் 38 சதவீதம். நாங்கள் பேசிய நாளில் இந்தத் தொகுப்புக் கணக்கு கையில் இல்லாவிட்டாலும், மனைவிக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்பதில்லை என்ற அளவுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவருக்குத் தொற்றாமல் இருக்கும் வாய்ப்புதான் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டேன். அந்தச் சிறுபான்மை வாய்ப்பு பலித்தால் விலை கொடுப்பவர் யார் என்பதையும் சொன்னேன். அக்காலத் தரவுகளைத் தொகுத்த ஒரு ஆய்வின்படி, தொற்று ஏற்பட்டவர்களில் இறப்பவர் விகிதம் 55 வயதில் 0.4 சதவீதம், 75 வயதில் 4.6 சதவீதம். அறுவை சிகிச்சையிலிருந்து இன்னும் மீளாத, நீரிழிவு உள்ள 76 வயதுக்காரருக்கு அது குறைந்தபட்சக் கணக்கு.

14 என்ற எண்

கணவர் மூடிய அறைக்குள்ளிருந்து அலைபேசியில் கலந்துகொண்ட ஓர் உரையாடலில், நாளுக்கு நாள் மாறும் விதியை உயிர்மூச்சாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொற்றாளருக்கான தனிமைக் காலத்தை உலக சுகாதார நிறுவனம் 2020 மே இறுதியில், அறிகுறி தோன்றியதிலிருந்து 10 நாளும் அறிகுறியற்ற 3 நாளும் என்று மாற்றியிருந்தது. அதற்கு முன்பு இரண்டு முறை தொற்று இல்லை என்று பரிசோதனை காட்ட வேண்டும் என்று இருந்தது. தொடர்பாளர்களுக்கான 14 நாளை அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் அந்த டிசம்பரில், பரிசோதனை இல்லையெனில் 10, பரிசோதனையில் தொற்று இல்லையெனில் 7 எனச் சுருக்கிக்கொள்ள இடமளித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் இறுதியில் அதே மையம் 5 நாளுக்கு வந்தது. எண்கள் இப்படி இறங்கியதைப் பார்த்த பலர், முதலில் சொன்னதே மிகை என்று முடிவுகட்டினார்கள்.

அப்படி அல்ல. நோய் அரும்பும் காலம் சராசரியாக 5 நாள். அறிகுறி வரப்போகிறவர்களில் 97.5 சதவீதம் பேருக்கு அது 11.5 நாளுக்குள் வந்துவிடும் என்று 2020 மார்ச்சில் வெளியான ஆய்வு கண்டது. 14 என்பது அந்த நீண்ட வாலையும் சேர்த்துப் பிடிப்பதற்காகப் போட்ட வேலி. பின்னால் அதைச் சுருக்கியபோது, எஞ்சும் சிறு ஆபத்தைச் சமூகம் ஏற்கலாம், ஏனெனில் நீண்ட அடைப்பினால் மக்கள் விதியையே கைவிடுகிறார்கள் என்ற கணக்கு இருந்தது. அது பொதுக் கணக்கு. ஆயிரம் வீடுகளுக்குச் சேர்த்துப் போட்ட அந்தக் கணக்கில், தொடர்பாளர் ஒருவர் நேரே ஒரு முதியவரின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்குவார் என்பது இல்லை. பத்தாம் நாளில் காற்றோட்டமான தெருவில் ஒருவர் நடப்பதையும், ஆறாம் நாளில் மூடிய அறையில் ஒரு நோயாளியைத் தூக்குவதையும் ஒரே மீறலாகக் கருத முடியாது. முன்னதைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டியிருக்க மாட்டேன்.

முதியவரின் ஒப்புதல்

இந்த இடம்வரை வந்த பிறகு, சம்பந்தப்பட்ட முதியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. மகள் அவருக்காகப் பேசினார், மருமகள் அவருக்காக அஞ்சினார், மகன் அவருக்காகக் குற்றவுணர்வு கொண்டார். புதன்கிழமை காலையில் மகளின் அலைபேசி வழியாக அவருடன் பேசினேன். தெளிவாகப் பேசினார். மருமகள் வந்தால் வரட்டும், தமக்கு வயதாகிவிட்டது, வருவது வரட்டும், பிள்ளைகள் இப்படிச் சண்டையிடுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதுதான் தாங்கவில்லை என்றார்.

இதைக் கேட்டபின் நான் தயங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆபத்தை ஏற்கப்போகிறவரே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றவர்கள் தடுப்பதற்கு என்ன உரிமை? முதியோரின் பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களுடைய விருப்பத்தைக் கேளாமலே முடிவெடுத்த ஆயிரக்கணக்கான வீடுகளை அந்த ஆண்டில் பார்த்தோம். அவற்றில் பலவற்றில் இழைக்கப்பட்டது அன்பின் பெயரிலான அநீதி. ஆயினும் இங்கு இரண்டு காரணங்களால் அந்த ஒப்புதலை நான் போதுமானதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஒப்புக்கொண்டது தொற்றின் ஆபத்துக்கு அல்ல, சண்டை நிற்பதற்காக. சண்டை வேறு வழியில் நின்றால் அந்த ஒப்புதல் தேவையற்றதாகிவிடும். அடுத்து, ஒருவர் தமக்கு மட்டுமே ஆபத்தை ஏற்றுக்கொள்ள முடியும். அதே வீட்டில் மகள் இருந்தார், பயிற்சி தர வந்துபோன உடலியக்க மருத்துவர் இருந்தார், அவர் வழியே அன்று மாலை அவர் பார்க்கப்போகும் வேறு முதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் ஒப்புதல் தரவில்லை. அவர்களிடம் கேட்பதாக யாருக்கும் எண்ணமும் இல்லை. விடியும் முன் திரும்பிவிடலாம் என்ற திட்டத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த இருட்டுதான். பிறர் அறியாமல் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், அறிந்தால் மறுத்துவிடக்கூடிய ஒருவர் எங்கோ இருக்கிறார் என்றே பொருள்.

அதே ஆண்டின் வசந்த காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒன்று அப்போது எல்லோர் நினைவிலும் இருந்தது. பிரதமரின் முதன்மை ஆலோசகராக இருந்த டோமினிக் கம்மிங்ஸ், மார்ச் இறுதியில் மனைவி நோயுற்ற நிலையில், தாமும் படுத்துவிட்டால் 4 வயது மகனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கருதி, லண்டனிலிருந்து சுமார் 260 மைல் தொலைவிலுள்ள டர்ஹாமுக்குக் குடும்பத்தோடு காரில் சென்றார். சிறு குழந்தைக்குப் பராமரிப்பு இல்லாமற்போவது விதிவிலக்கான சூழலாகக் கருதப்படலாம் என்று அந்நாட்டின் துணைத் தலைமை மருத்துவ அதிகாரியே அந்த மார்ச்சில் கூறியிருந்தார். ஆக, காரணம் முற்றிலும் பொய்யானதல்ல. ஆனால் இரண்டு மாதம் கழித்துச் செய்தித்தாள்கள் வெளிக்கொணரும்வரை அது சொல்லப்படவில்லை. அதன்பின் இங்கிலாந்தில் அரசின் மீதான மக்கள் நம்பிக்கை சரிந்ததை லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. விலக்கு என்று ஒன்று இருந்தாலும் அதை வெளிச்சத்தில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

வேறு ஆளே இல்லையென்றால்

அந்தப் பெண்மணி என்னிடம் நேராகவே கேட்டார்: நாத்தனார் இல்லை, வேறு யாரும் இல்லை, மாமனார் தனியாகக் கிடக்கிறார் என்றிருந்தால் என்ன சொல்வீர்கள்? போங்கள் என்று சொல்வேன் என்றேன். இன்சுலின் போட ஆளில்லாமல், எழ முடியாமல் கிடக்கும் ஒருவருக்கு அன்றிரவே வரக்கூடிய தீங்கு உறுதியானது. தொற்றின் தீங்கு நிகழ்தகவு மட்டுமே. சுகாதாரப் பணியாளருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, தூக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் வேறு அறையில் இருந்து, திரும்பிவராமல் அங்கேயே மீதி நாள்களைக் கழிக்கச் சொல்லியிருப்பேன். பல நாடுகளின் விதிகளும் இத்தகைய கதவுகளை வைத்தே எழுதப்பட்டன. 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் தனிமைப்படுத்தலைச் சட்டமாக்கி, மீறினால் ஆயிரம் பவுண்டு முதல் அபராதம் என்று விதித்தபோதுகூட, மருத்துவ உதவி பெறுவதற்கும், தீங்கின் ஆபத்திலிருந்து தப்புவதற்கும், நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்குக்கும் வெளியே வர இடம் விடப்பட்டிருந்தது. குடும்பப் பூசல் வசையிலிருந்து கைநீட்டலுக்குப் போய்விட்ட வீட்டில் இருப்பவர், தனிமை விதிக்கு அஞ்சி உள்ளே அடைபட்டிருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும். அந்த ஏப்ரலிலேயே ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ், வீடுகளுக்குள் வன்முறை பெருகுவதைச் சுட்டி உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது.

ஆனால் இந்த வீட்டில் ஆள் இருந்தார். இருந்தவர் களைத்துப்போயிருந்தார். களைப்புக்கு மாற்று ஓய்வு. தொற்றைக் கொண்டுபோய் அங்கே விடுவது மாற்று ஆகாது.

அக்காளுடன் பேசியது

புதன்கிழமை மாலை நாத்தனாருடன் நான் பேசிய முக்கால் மணி நேரத்தில் அவர் விதியைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம்கூட இராது. ஆறு வாரமாக இரவில் மூன்று முறை எழுந்ததையும், ஊதியமில்லா விடுப்பு முடிந்துவிட்டதையும், தம்பி வாரம் ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து போனதையும், அதையே உறவினர்கள் மகனின் பாசம் என்று புகழ்ந்ததையும் சொன்னார். அவருக்குத் தொற்றைப் பற்றி அறியாமை எதுவும் இல்லை. தம்பி மனைவி வந்தால் தந்தைக்கு ஆபத்து என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வரச்சொன்னது அவர் வர வேண்டும் என்பதற்காகக்கூட அல்ல. வரத் துணிகிறார்களா என்று பார்ப்பதற்காக. இதை அவரே சொன்னார், சொன்னபின் அழுதார்.

கனடாவைச் சேர்ந்த மருத்துவ அறவியலாளர் ராஸ் அப்ஷர் 2002-இல், பொதுச் சுகாதாரத்துக்காக ஒருவரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவதற்கு நான்கு நெறிகளை முன்வைத்தார். அவற்றில் ஒன்று ஈடுசெய்தல்: பிறர் நலனுக்காக ஒருவரை ஒதுங்கியிருக்கச் சொன்னால், அந்தச் சுமையை அவர் தாங்குவதற்கு வேண்டியதைச் செய்துதரும் கடமை சமூகத்துக்கு உண்டு. இந்த நெறியை அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலானதாகவே பேசுகிறோம். ஒரு குடும்பத்துக்குள்ளும் அது அப்படியே பொருந்துகிறது என்று இந்த நிகழ்வில்தான் எனக்குப் புரிந்தது. தம்பி வீட்டார் 14 நாள் உள்ளே இருக்கிறார்கள் என்றால், அதன் முழுச் சுமையும் வெளியே இருக்கும் அக்காள் மேல் இறங்குகிறது. விதியைச் சரியாகக் கடைப்பிடிப்பவர் ஒருவர், அதற்கான விலையைச் செலுத்துபவர் வேறொருவர். விதியை முன்னிறுத்தி நியாயம் பேசும் உரிமை, அந்த விலையை ஈடுசெய்ய முன்வந்த பிறகுதான் தம்பிக்கு வருகிறது. அவர் அதுவரை முன்வரவில்லை. ‘எங்கள் கையில் என்ன இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு மூவரையும் ஒரே அழைப்பில் இணைத்தேன். இருமலுக்கிடையே தம்பி அக்காளிடம், உன் ஆறு வாரத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை என்றார். பிறகு நடைமுறைக்கு வந்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமுள்ள ஓர் உதவியாளரை இரவுக்கு மட்டும் ஏற்பாடு செய்வது, செலவு முழுவதும் தம்பியுடையது, மருந்து வாங்குவதும் மருத்துவருடன் பேசுவதும் உள்ளேயிருந்தே மருமகள் செய்வது என்று முடிவாயிற்று. புதிய ஆள் ஒருவர் வீட்டுக்குள் வருவதிலும் ஆபத்து உண்டே என்று அக்காள் கேட்டார். உண்டு, ஆனால் தொற்றாளருடன் ஒரே அறையில் உறங்கியவர் வருவதைவிட அது பலமடங்கு குறைவு. நாங்கள் தேடியது ஆபத்தே இல்லாத வழியை அல்ல.

விதியே இல்லாத இடத்தில்

இந்த நிகழ்வில் மிகவும் ஆபத்தான நேரம் மாமனார் வீட்டுக்குப் போவதா என்ற கேள்வியில் இல்லை. மறுநாள், வியாழக்கிழமை இரவு, காய்ச்சல் தொடங்கிய எட்டாம் நாள், அந்தப் பெண்மணி மீண்டும் அழைத்தார். கணவர் கழிவறைக்குச் சென்று திரும்பியதும் மூச்சு வாங்குகிறது என்றார்; பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 91 காட்டுகிறது, படுத்தால் 92 ஆகிறது. மாலையிலிருந்தே இப்படி இருந்திருக்கிறது. ஏன் உடனே மருத்துவமனைக்குப் பேசவில்லை என்று கேட்டபோது, வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்றார்.

முந்தின நாள்வரை ஓர் இரவுப் பயணத்துக்காக விதியை வளைக்கத் தயாராக இருந்தவர், கணவரின் மூச்சு திணறும்போது அதே விதிக்கு அஞ்சி நான்கு மணி நேரம் காத்திருந்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்தது இதுவேதான்: எங்கே வளைக்கக் கூடாதோ அங்கே வளைத்தார்கள், விதியே இல்லாத இடத்தில் விதி இருப்பதாக நினைத்து நின்றார்கள். நோயுற்றவர் சிகிச்சைக்குச் செல்வதை எந்தத் தனிமை விதியும் தடுத்ததில்லை. முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும் என்பது மட்டுமே அதன் நிபந்தனை. இந்த நோயில் சிலருக்கு முதல் வாரம் எளிதாகக் கழிந்து, இரண்டாம் வாரத் தொடக்கத்தில் திடீரென்று மோசமாவது வழக்கம். பெரிய மூச்சுத்திணறல் தெரியாமலேயே இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கொண்டிருக்கும். 94-க்குக் கீழே தொடர்ந்து காட்டினால் காத்திருக்கக் கூடாது என்று வீட்டிலிருப்போருக்கான வழிகாட்டிகள் அப்போதே பலவாறு சொல்லியிருந்தன. அந்தச் செய்தியைவிட ‘வெளியே வராதே’ என்ற செய்திதான் உரக்க ஒலித்தது. முதல் உரையாடலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டிய நான், மாமனார் வீட்டுக் கேள்வியில் மூழ்கி, அறைக்குள் இருந்த நோயாளியைப் பற்றி ஒன்றிரண்டு கேள்விகளோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

மருத்துவ ஊர்தி வந்து அவரை அழைத்துச் சென்றது. ஐந்து நாள் ஆக்ஸிஜனும் டெக்சாமெத்தசோனும் கொடுத்தார்கள். ஆக்ஸிஜன் தேவைப்படும் நிலையில் இருப்போரின் இறப்பை அந்த மலிவான பழைய மருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாக அந்த ஜூனில்தான் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு அறிவித்திருந்தது. மருந்து கையில் இருந்த காலத்தில் அவர் அறைக்கதவுக்குப் பின்னால் காத்துக் கிடந்தார்.

மகனும் கதவும்

இடையே ஒரு சிறிய நிகழ்வு. செவ்வாய், புதன் இரண்டு நாளும் 4 வயது மகன் தந்தையின் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதான். ஒரு நிமிடம் கதவைத் திறந்து பார்த்தால் என்ன என்று கணவரும், முடியவே முடியாது என்று மனைவியும் சண்டையிட்டார்கள். தனிமைப்படுத்தலின் உளவியல் விளைவுகளைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து அந்தப் பிப்ரவரியில் லான்செட்டில் வந்த கட்டுரை, நீளும் நாள்களையும் சலிப்பையும் போலவே, தெளிவான விளக்கம் கிடைக்காததையும் முதன்மையான துயரங்களில் ஒன்றாகக் குறித்திருந்தது. குழந்தைக்கு விளக்கம் என்பது கண்ணால் பார்ப்பதுதான். அந்த அறைக்கு வெளிப்புறம் திறக்கும் சன்னல் ஒன்று இருந்தது. தந்தை முகக்கவசத்தோடு உள்ளே சற்றுத் தள்ளி உட்கார, மகன் வெளியே திறந்தவெளியில் தன் 11 வயது அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு எட்டி நிற்க, பத்துப் பதினைந்து நிமிடம் பேசிக்கொள்ளட்டும் என்றேன். மூடிய இடத்தில் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியே பரவக்கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஜூலையில் ஏற்றுக்கொண்டிருந்தது. திறந்தவெளியில் அவை கலைந்துவிடும். புதன்கிழமை மாலை அப்படியே நடந்தது. மறுநாள் இரவு தந்தையை ஊர்தியில் ஏற்றியபோது, அவன் அதற்கு முன் கடைசியாகப் பார்த்திருந்தது முந்தின நாள் சன்னலில் சிரித்த முகத்தை.

முடிவும் அதன் மதிப்பீடும்

மனைவிக்கோ குழந்தைகளுக்கோ தொற்று ஏற்படவில்லை. 14 நாளும் அறிகுறியின்றிக் கழிந்தன. பதின்மூன்றாம் நாள் எடுத்த பரிசோதனையும் தொற்று இல்லை என்றது. நாத்தனார் இதைக் கேள்விப்பட்டதும், அப்படியானால் அன்றே வந்திருக்கலாம் அல்லவா என்றார். விளைவைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் அன்று யாருக்கும் அது தெரியாது. தெரியாத நிலையில் எடுத்த முடிவைத் தெரிந்தபின் கிடைத்த விளைவால் அளப்பது நியாயமல்ல. தொற்று வந்திருந்தால் என் ஆலோசனை மெச்சப்பட்டிருக்கும், அதற்கும் நான் உரியவனல்லன். வராமற்போனதால் அந்த முடிவு தவறாகிவிடவில்லை என்பதை அவரிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்மணி மாமனார் வீட்டுக்குப் பகல் வெளிச்சத்தில் சென்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நாத்தனார் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தார்: இன்சுலின் அளவு, வேளை, இரவில் எந்தப் பக்கம் சாய்த்துத் தூக்கினால் வலி குறைவு என்பது வரை அதில் இருந்தது. இருவரும் அதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. உதவியாளரின் செலவைத் தம்பி கொடுத்துவிட்டார். அக்காள் இழந்த ஆறு வார ஊதியத்தைப் பகிர்ந்துகொள்வது பற்றி இரண்டு முறை பேச்செடுத்து, இரண்டு முறையும் பாதியில் நின்றுபோயிற்று. கடைசியாக நான் விசாரித்தபோது மூன்றாவது முறை உட்கார்ந்து பேச ஒரு நாள் குறித்திருந்தார்கள்.